கல்லைப் பெயர்க்காமல் உள்ளே பார்க்கலாமா?

கேள்வி: பழங்காலக் கட்டடங்களின் உள் அமைப்பை, இடிக்காமல், துளை போடாமல் ஆராய முடியும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். கீசாவில் உள்ள கூஃபு பிரமிடே சாட்சி. வான்கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்கள் நம்மீது ஓயாமல் பொழிகின்றன. உள்ளங்கையை நீட்டினால் விநாடிக்கு ஒன்றாவது துளைத்துக்கொண்டு போகும். (வலிக்காது, பயப்படாதீர்கள்!) தடிமனான கல் அவற்றில் பலவற்றை விழுங்கிவிடும். எந்தத் திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக வருகிறதோ, அங்கே கல் இல்லை, வெற்றிடம் என்று அர்த்தம்.

வடக்கு வாசலுக்கு மேலே, கூரைபோல் சாய்த்து நிறுத்திய பெருங்கற்களின் பின்னால் இப்படி ஒரு வெற்றிடம் தட்டுப்பட்டது. ரேடாரும் மீயொலியும் அதையே சொன்ன பிறகு, கற்களின் இடுக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை நுழைத்தார்கள். சுமார் 9 மீட்டர் நீளத்தில் காலியான நடை ஒன்று தெரிந்தது. 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். மேலே உள்ள பாரத்தைப் பிரித்து இறக்கவே அதைக் கட்டியிருக்கலாம் என்று எகிப்தியத் தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் மியூவான் படம் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைப்பதும் மங்கலான நிழல்தான். அதே பிரமிடில் 2017-ல் அறிவிக்கப்பட்ட, குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள பெரிய வெற்றிடம் எதற்காக என்பது இன்னும் விளங்கவில்லை.