வண்டி ஓடிய தூரத்துக்கும் ஒரு கணக்கு



நம் குழுக்களில் எழுதாத கணக்கு இல்லை. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு என்று எல்லாம் இருக்கிறது. ஒரு ரூபாய் குறைந்தாலும் கூட்டம் முடியாது, கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். ஆனால் நாம் தனியாகச் செய்யும் தொழிலில் அப்படி எழுதுகிறோமா? முக்கியமாக, நாம் ஓட்டிப் போகிற வண்டிக்குக் கணக்கு வைத்திருக்கிறோமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

பேச்சு எப்படி வந்தது?

சோமரசம்பேட்டைப் பக்கம் நம் உறுப்பினர் ஒருவர் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, அப்பளம், வடகம் செய்து விற்கிறார். பருப்பும் மிளகாயும் காந்தி மார்க்கெட்டில் வாங்குவார். ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளிலும் தில்லைநகரிலும் வாடிக்கை உண்டு. எல்லாம் சொந்த வண்டியில்தான்.

கடன் விண்ணப்பம் எழுதும்போது ஊக்குநர் கேட்டார்: "அக்கா, மாசம் என்ன லாபம் நிக்குது?"

"ஏழாயிரத்து ஐநூறு நிக்கும்மா."

"பெட்ரோல் போகவா, பெட்ரோலோட சேர்த்தா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "பெட்ரோலா? அது வீட்டுச் செலவுல போயிடுமே!"

அன்று கூட்டத்தில் இருந்த பலரும் சிரித்தோம். பிறகுதான் தெரிந்தது, நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இதே கதைதான். தொழிலுக்கு ஓடிய வண்டியின் செலவை வீடு சுமக்கிறது. லாபம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

தொழிலுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு?

ஒரே வண்டியில்தான் மார்க்கெட்டுக்கும் போகிறோம், பிள்ளையைப் பள்ளியிலும் விடுகிறோம், சமயபுரத்துக்கும் போகிறோம். அதனால் வண்டிச் செலவு முழுவதையும் தொழிலில் எழுத முடியாது. வருமான வரிச் சட்டமும் இதையே சொல்கிறது: சொந்த வேலைக்கும் தொழிலுக்கும் சேர்ந்து பயன்படும் பொருளின் செலவில், தொழிலுக்குப் பயன்பட்ட நியாயமான பங்கை மட்டும் கழிக்கலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2026 ஏப்ரல் 1 தொடங்கும் ஆண்டிலிருந்து பொருந்துமாறு இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் உண்டு.

அமெரிக்காவில் இதற்குச் சுலப வழி ஒன்று இருக்கிறது. அங்கே அரசே ஒரு விகிதம் சொல்லிவிடும். 2025-ஆம் ஆண்டுக்குத் தொழிலுக்காகக் கார் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் 70 சென்ட். ஒரு மைல் என்பது சுமார் 1.6 கிலோமீட்டர். ஓடிய மைலை அதனால் பெருக்கினால் கழிக்க வேண்டிய தொகை வந்துவிடும். நம் நாட்டில் தொழில் செய்பவர்களுக்கு அப்படி விகிதம் கிடையாது. உண்மையாக ஆன செலவைத்தான் காட்ட வேண்டும். அதில் தொழிலின் பங்கு எவ்வளவு என்று சொல்ல நமக்குள்ள நல்ல சாட்சி ஓடிய கிலோமீட்டர்தான்.

நோட்டு எழுதும் முறை

பத்து ரூபாய் நோட்டு ஒன்று போதும். ஆறு கட்டம் போடுங்கள்:

1. தேதி
2. எங்கிருந்து எங்கே
3. எதற்காக
4. புறப்படும்போது மீட்டர்
5. திரும்பியபோது மீட்டர்
6. தொழிலுக்கு ஓடிய கிலோமீட்டர்

வீட்டு வேலைக்கு ஓடியதைத் தனியாக எழுதத் தேவையில்லை. மொத்தத்தில் தொழிலைக் கழித்தால் மீதி வீடு.

நமக்குப் புத்தாண்டு சித்திரை முதல் நாள். வரிக் கணக்குக்கோ ஏப்ரல் 1. அன்று காலையில் மீட்டரைப் பார்த்து முதல் பக்கத்தில் எழுதுங்கள். மார்ச் 31 இரவு மறுபடி பாருங்கள். மீட்டர் ஓடாத வண்டி என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பெட்ரோல், சர்வீஸ், டயர் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் காவிரிப் பாலம் பராமரிப்புக்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஸ்ரீரங்கம் போக எவ்வளவு சுற்றினோம் என்று இன்று கேட்டால் யாருக்குத் தெரியும்? அன்றன்று எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

"பொடி கொடுக்கப் போன இடத்தில் ரங்கநாதரையும் சேவித்துவிட்டு வந்தேன், அது எந்தக் கணக்கு?" என்று ஒருவர் கேட்டார். பொடி கொடுக்கத்தான் போனீர்கள், கூடுதல் தூரம் ஓடவில்லை என்றால் அது தொழில் கணக்கு. வைகுண்ட ஏகாதசிக்குப் பிள்ளைகளோடு கிளம்பும்போது பையில் இரண்டு பாக்கெட் பொடி எடுத்துப் போட்டால் அது தொழில் ஆகாது. எதற்காகக் கிளம்பினோம் என்பது நம் மனசுக்குத் தெரியும்.

அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அக்கா ஏப்ரல் முதல் வாரத்தில் புது வண்டி வாங்கினார். பதிவுச் செலவு சேர்த்து 60,000 ரூபாய். அன்று மீட்டர் 20. மார்ச் 31 அன்று 9,020. ஆக ஓராண்டில் ஓடியது 9,000 கி.மீ. நோட்டில் உள்ள தொழில் பயணங்களைக் கூட்டினால் 5,400 கி.மீ.

5,400-ஐ 9,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 60 வரும். அதாவது வண்டி 100 கி.மீ. ஓடினால் 60 கி.மீ. தொழிலுக்கு.

இனி ஓராண்டுச் செலவு. கணக்குப் போட எளிதாகப் பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்றும், லிட்டருக்கு 45 கி.மீ. என்றும் வைத்துக்கொண்டோம்.

பெட்ரோல் 200 லிட்டர்: ரூ.20,000
சர்வீஸ், ஆயில், டயர், பஞ்சர்: ரூ.4,600
இன்சூரன்சில் இந்த ஆண்டின் பங்கு: ரூ.1,400
வண்டிக் கடனுக்குக் கட்டிய வட்டி: ரூ.3,000
தேய்மானம்: ரூ.9,000
மொத்தம்: ரூ.38,000

இதில் 60 சதவீதம் 22,800 ரூபாய். இதுதான் தொழில் செலவு. மீதி 15,200 ரூபாய் வீட்டுச் செலவு.

38,000-ஐ 9,000-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 ரூபாய் 22 காசு ஆகிறது. "பெட்ரோல் ரெண்டு ரூபாதானே ஆகுது" என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது பாதிக் கணக்குத்தான்.

தேய்மானம் என்றால் என்ன?

ஆட்டுக்கல் தேய்வதுபோல வண்டியும் ஓட ஓடத் தேய்கிறது, விலை குறைகிறது. அந்தக் குறைவும் செலவுதான். சொந்த உபயோக வண்டிக்கு வரிச் சட்டம் ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்திருக்கிறது. 60,000-க்கு 15 சதவீதம் 9,000. அடுத்த ஆண்டு மீதமுள்ள 51,000-க்குத்தான் 15 சதவீதம், அதாவது 7,650. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் முதல் ஆண்டு பாதிதான்.

இவற்றில் தவறு செய்யாதீர்கள்

மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதக் கூடாது. தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. அசல் என்பது வண்டியின் விலை. அது தேய்மானமாக ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது.

ஹெல்மெட் போடாமல் கட்டிய அபராதம் தொழில் செலவு ஆகாது.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கணக்கில் ஏறாது. வண்டியையே அப்படி ரொக்கமாக வாங்கியிருந்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானமும் கிடையாது. பேங்க் மூலம் கொடுங்கள்.

வண்டி யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் பேரில் இருந்தால், உங்கள் தொழிலுக்கு நீங்கள் போட்ட பெட்ரோலைக் காட்டலாம், தேய்மானத்தைக் காட்ட முடியாது. அது சொந்தக்காரருக்குத்தான். ஓட்டுவது நாம், தவணை கட்டுவது நாம், ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் வேறு பெயர் என்றால் நஷ்டம் நமக்கு. 2018-ல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் பேரிலேயே வண்டி வாங்க, விலையில் பாதி அல்லது அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தார்கள். அப்படித் தன் பேரில் வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இனி வாங்குபவர்களும் தங்கள் பேரிலேயே வாங்குங்கள்.

நமக்கு வரி வருமா?

நேராகவே சொல்லிவிடுகிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு வரி வராது. 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. தொழில் வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கும் தள்ளுபடி போக வரி பூஜ்யம்தான். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

சிறு தொழிலுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், விற்பனையில் 8 சதவீதத்தையும், பேங்க் அல்லது செல்போன் வழி வந்த பணத்தில் 6 சதவீதத்தையும் வருமானமாகக் காட்டினால் போதும். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதையே காட்டலாம். இந்த முறையில் போனால் பெட்ரோல், தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் அதில் அடங்கிவிட்டதாக அர்த்தம்.

அப்படியானால் கிலோமீட்டர் கணக்கு வரிக்கு யாருக்கு உதவும்? கமிஷனுக்கு வேலை செய்பவர்களுக்கு. அஞ்சலகத் தொடர் வைப்புக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கும் மகளிர் முகவர்கள், இன்சூரன்ஸ் முகவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். கமிஷன் வருமானத்துக்கு மேலே சொன்ன 8 சதவீத முறை கிடையாது. அவர்கள் உண்மைச் செலவைக் கழித்துத்தான் வருமானம் காட்ட வேண்டும். கமிஷனில் வரி பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அவர்கள் நோட்டு எழுதாமல் இருப்பது கையில் வரும் பணத்தை விடுவதற்குச் சமம். எந்த முறை தனக்கு ஏற்றது என்பதை ஒரு ஆடிட்டரிடம் நோட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாதச் சம்பளக்காரர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கழிவு கிடையாது. அவர்களுக்கு நிலையான கழிவு மட்டும். அலுவலக வேலைக்கான பயணப்படியில் உண்மையாகச் செலவான தொகைக்கு வரி இல்லை. அதற்கும் எழுதி வைத்த நோட்டுத்தான் ஆதாரம்.

வரி இல்லை என்றால் எழுத வேண்டாமா?

அக்காவின் கணக்குக்குத் திரும்புவோம். ஆண்டு விற்பனை 3,00,000 ரூபாய். சாமான், கேஸ், பாக்கெட் எல்லாம் 2,10,000. லாபம் 90,000, மாதம் 7,500 என்றார். வண்டிச் செலவு 22,800-ஐக் கழித்தால் 67,200. மாதம் 5,600தான். 7,500 வருகிறது என்று நம்பி அதற்கேற்ற தவணைக்குக் கடன் வாங்கியிருந்தால் மாதாமாதம் 1,900 துண்டு விழுந்திருக்கும். அதை அடைக்க இன்னொரு கடன். நுண்கடன் வலையில் மாட்டிய பலர் இப்படித்தான் மாட்டினார்கள்.

நோட்டு இன்னொன்றையும் காட்டியது. தில்லைநகரிலிருந்து ஒருவர் போன் செய்வார்: "ஒரு பாக்கெட் பொடி கொண்டு வாங்களேன்." பொடி 120 ரூபாய், அதில் லாபம் 36. அங்கும் இங்குமாகச் சுற்றிப் போய்வர மீட்டரில் 24 கி.மீ. பெட்ரோல் மட்டும் பார்த்தாலே 53 ரூபாய். முழுச் செலவு 101 ரூபாய். வாடிக்கையாளரைச் சந்தோஷப்படுத்த ஒவ்வொரு தடவையும் கைக்காசைப் போட்டிருக்கிறார்!

இப்போது அக்கா மாற்றிக்கொண்டார். செவ்வாய் ஸ்ரீரங்கம், வெள்ளி தில்லைநகர். மார்க்கெட்டுக்கு வாரம் ஒரு நாள், அதையும் வெள்ளியோடு சேர்த்துக்கொண்டார். அவசரம் இல்லாத சின்னப் பைகளுக்கு டவுன் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லாப் பயணம் வந்ததே, அதைத் தொழிலுக்கும் பயன்படுத்துகிறார். கடனையும் 5,600-க்கு ஏற்ற தவணையில் கேட்டு எழுதினோம்.

"இத்தனை நாளா என் வீட்டுக்காரர் சம்பளத்துல பெட்ரோல் போட்டு, என் லாபம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப கம்மியாத்தான் இருக்கு. ஆனா இது என் காசு" என்றார் அக்கா. அந்த வார்த்தை எங்கள் எல்லோருக்கும் பாடம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நம் குழுவில் சொந்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டுபவர்கள் யார் யார்? வண்டி யார் பேரில் இருக்கிறது?
2. போன வாரம் நீங்கள் போன ஒரு பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வந்த லாபம் எவ்வளவு? ஓடிய தூரத்துக்கு ஆன செலவு எவ்வளவு?
3. ஒரு வண்டி ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓடியது. தொழிலுக்கு 2,000 கி.மீ. மொத்தச் செலவு 32,000 ரூபாய். தொழில் செலவு எவ்வளவு? (விடை: ரூ.8,000)
4. கூட்டமைப்பு வேலையாக பேங்குக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போகும் பொறுப்பாளர்கள் பயணச் செலவு கேட்கும்போது மீட்டர் எழுதித் தருகிறார்களா?

இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் புத்தகத்தோடு அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.