பழைய கேமரா லென்ஸை இனம் காண்பது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதனுள் தாத்தாவோ பெரியப்பாவோ ஆசையாக வாங்கிய மடிப்புக் கேமராவும், தோல் உறையில் ஓரிரு லென்ஸ்களும் கிடக்கும். முன்பெல்லாம் இவை காயலான் கடைக்குப் போய்ச் சேரும். இன்றோ, அடாப்டர் என்னும் இடைவளையத்தைப் போட்டு அதே லென்ஸைப் பேரப்பிள்ளைகள் டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கிறார்கள். ஆகவே மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய லென்ஸ்களுக்கு நல்ல கிராக்கி. விவரம் தெரியாமல் விற்பவரும் ஏமாறுகிறார், பெயரை மட்டும் நம்பி வாங்குபவரும் ஏமாறுகிறார்.

"இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் புத்தகம் ஏதும் உண்டா?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. உண்டு. ஆனால் புத்தகத்தைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். ரயில்வே பணிமனையில் சீட்டு இல்லாத உதிரி பாகம் ஒன்று வந்தால் முதலில் அளப்போம். பிறகுதான் டிராயிங் அலமாரிப் பக்கம் போவோம். லென்ஸுக்கும் அதே முறைதான்.

முதலில் முன்வளையத்தில் உள்ள எழுத்துக்களைப் பூதக்கண்ணாடி வைத்து ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். தயாரித்தவர் பெயர், லென்ஸின் பெயர், குவியத் தூரம், துவார அளவு, வரிசை எண் ஆகியவை இருக்கும். 'காம்பூர்', 'ப்ரான்டோர்' என்று கண்டால் அவற்றை லென்ஸ் பெயர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை ஷட்டரின் பெயர்கள். குவியத் தூரம் சென்டிமீட்டரில் இருந்தால் பெரும்பாலும் பழையது.

பெயர் மட்டும் போதாது என்பதற்குக் கார்ல் ஸைஸ் நிறுவனமே சாட்சி. 1945இல் போர் முடிந்து ஜெர்மனி இரண்டுபட்டபோது நிறுவனமும் இரண்டாயிற்று. கிழக்கே ஜெனாவில் ஒன்று, மேற்கே ஓபர்கோஹனில் ஒன்று. பெயர் யாருக்குச் சொந்தம் என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. அதனால் ஜெனாவிலிருந்து மேற்கு நாடுகளுக்குப் போன லென்ஸ்களில் 'ஸைஸ்' என்ற பெயரே இராது. 'ஆவுஸ் ஜெனா' என்று மட்டும் இருக்கும். 'டெஸ்ஸார்' என்பது வெறும் 'டி' ஆகிவிட்டது, 'பயோட்டார்' என்பது 'பி' ஆயிற்று. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிவப்பு நிறத்தில் 'டி' இருந்தால் அது லென்ஸின் பெயர் அல்ல. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சைக் குறிப்பது. அந்தப் பூச்சை 1935இல் ஸைஸில் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஸ்மக்குலா.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு வருகிறேன். இதற்கு ஒரு சிறிய டார்ச் விளக்கு போதும். இருட்டறையில் லென்ஸின் முன்னால் டார்ச்சைப் பிடித்து, சற்றே சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஒளிப்புள்ளிகள் தெரியும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பிரகாசமான புள்ளியைத் தரும். இரண்டு கண்ணாடிகளைப் பசையால் ஒட்டிய இடம் மங்கலான புள்ளியைத் தரும். துவாரத்தை முடிந்தவரை சுருக்கினால் பின்பாதி ஏறக்குறைய மறைந்து முன்பாதிப் புள்ளிகள் மட்டும் நிற்கும். லென்ஸைத் திருப்பிப் பிடித்தால் பின்பாதியின் கணக்கு வரும்.

1893இல் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்த குக் டிரிப்லெட்டில் மூன்று தனிக் கண்ணாடிகள். ஆகவே மொத்தம் ஆறு பிரகாசப் புள்ளிகள் இருக்கும், மங்கல் எதுவும் இராது. 1902இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸாரில் முன்பாதியில் நான்கு பிரகாசம். பின்பாதியில் இரண்டு பிரகாசமும் ஒரு மங்கலும். புள்ளிகள் வெள்ளையாகவே இருந்தால் பூச்சில்லாத லென்ஸ். நீலமோ ஊதாவோ கலந்திருந்தால் பூச்சுள்ளது. பெரும்பாலும் போருக்குப் பிந்தையது.

எங்கள் கட்டிடத்து மாமி ஒருவர், காலமான கணவரின் சிறிய லென்ஸைக் கொண்டுவந்தார். வளையத்தில் லைட்ஸ் எல்மார், 5 சென்டிமீட்டர், 3.5 என்று இருந்தது. "சார், கடைக்காரர் இது ரஷ்யாவில் செய்த போலின்னு சொல்றாரே, முந்நூறு ரூபாய்க்குக் குடுத்துடலாமா?" என்றார். கடைக்காரர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சோவியத் இண்டஸ்டார்-22 லென்ஸில் எல்மார் என்று பொய்யாகப் பெயர் பொறித்து விற்பது நெடுநாளாக நடக்கும் மோசடி. ஆனால் மாக்ஸ் பெரெக் வடிவமைத்த உண்மையான எல்மாரில் துவாரத் தகடுகள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். இண்டஸ்டாரில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். துவாரத்தைச் சுருக்கி டார்ச் அடித்தோம். முன்னால் இரண்டே புள்ளிகள். "மாமி, இதைக் குடுக்காதீங்கோ" என்றேன்.

அடுத்தது வரிசை எண். கோடாக் கம்பெனி தன் எக்டார் லென்ஸ்களில் எண்ணுக்கு முன் இரண்டு ஆங்கில எழுத்துக்களைப் போட்டது. 'கேமராசிட்டி' என்ற பத்து எழுத்துச் சொல்தான் சாவி: சி, ஏ, எம், இ, ஆர், ஓ, எஸ், ஐ, டி, ஒய் என்பன முறையே 1 முதல் 9 வரையும், பிறகு சைபரும். 'இ ஓ' என்றால் 46, அதாவது 1946. சோவியத் லென்ஸ்கள் பலவற்றில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே ஆண்டைச் சொல்லிவிடும். விவிடார் தானாக லென்ஸ் செய்யாமல் பிறரிடம் செய்வித்த கம்பெனி. அதன் எண்ணில் 22 என்று தொடங்கினால் கினோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா.

இப்போது புத்தகங்களைத் திறக்கலாம். ஒரு வடிவம் எப்படிப் பிறந்தது, எத்தனை கண்ணாடிகள் என்பதற்கு, ருடால்ஃப் கிங்ஸ்லேக் 1989இல் எழுதிய லென்ஸ் வரலாற்று நூலுக்கு ஈடில்லை. படங்களோடு நம் டார்ச் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வில்கின்சன், கிளான்ஃபீல்ட் இருவரும் தொகுத்த 'வேட் மேக்கம்' என்னும் கையேடு மிகப் பெரியது. அதிகம் அறியப்படாத தயாரிப்பாளர்களும் அதில் உண்டு. படிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும், ஏனெனில் அது சேகரிப்பாளர்களின் குறிப்பேடு போன்றது. ஸைஸ் ஜெனா எண்களுக்கு ஹார்ட்முட் தீலேயின் பட்டியல்கள். ஜெர்மன் மொழியில் இருந்தாலும் எண்ணுக்கு மொழி ஏது? மக்கியோனின் விலைக் கையேடு கேமராக்களை இனம் காண உதவும். அதிலுள்ள விலைகளை நம்ப வேண்டாம், அவை காலாவதியானவை. பிரிட்டிஷ் காலத்தில் இங்கு வந்த ராஸ், டால்மேயர், டெய்லர் ஹாப்ஸன் லென்ஸ்களுக்கு, பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராஃபியின் பழைய ஆண்டு மலர்களில் உள்ள விளம்பரப் பக்கங்களே நல்ல ஆதாரம்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. மரையை அளக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். லைக்கா லென்ஸின் மரை 39 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 26 சுற்று. பழைய ஸெனிட்டும் 39 மில்லிமீட்டர்தான், ஆனால் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் ஏறுவதுபோல் ஏறும். ஆனால் லைக்காவில் லென்ஸ் அமரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 28.8 மில்லிமீட்டர், ஸெனிட்டில் 45.2. லைக்கா லென்ஸை ஸெனிட்டில் மாட்டினால் மிக அருகில் உள்ள பொருள் மட்டுமே தெளியும். எதிரே நிற்கும் மனிதர் தெளிய மாட்டார். ஒரு மரை அளவியும் வெர்னியரும் சட்டைப்பையில் இருந்தால் கடையிலேயே இது தெரிந்துவிடும்.