டி.வி.யில வேலை பழகப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

லீவு விட்டதும் ஒரு மாசம் சேனல்ல வேலை பழகணும்னு நம்ம விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பிள்ளைங்களுக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனா அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. இதையெல்லாம் இப்பவே தெரிஞ்சுக்கோ.

1. சென்னைதான்னு பிடிவாதம் வேண்டாம். ஊர் கேபிள் சேனல்னா கேமரா, மைக், எடிட்டிங் எல்லாத்தையும் தொட்டுப் பார்க்க விடுவாங்க. சென்னைக்கே போறதா இருந்தா காலேஜ் லெட்டரோட சேனல் ஆபீசுக்கு நேரா எழுது. "சான்ஸ் தர்றேன், பணம் கட்டு"ன்னு சொல்றவன் பக்கமே போகாதே. சென்னை போற பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியிலயே நிக்கும். ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடியே திறக்கும். கடைசி நேரத்துல டிக்கெட்டுக்கு அலையாதே.

2. கொலுசு, கண்ணாடி வளையல் வீட்டுல இருக்கட்டும். மைக் எல்லாத்தையும் பிடிச்சிடும்.

3. கையில எப்பவும் நோட்டு வேணும். சீரியலைக் கதை வரிசைப்படி எடுக்க மாட்டாங்க. ஹால்ல நடக்குற சீனையெல்லாம் சேர்த்து ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க. மாமியார் எந்தக் கையில டம்ளர் பிடிச்சாங்க, பூ எந்தப் பக்கம் தொங்குச்சு, சுவர்க் கடிகாரம் என்ன மணி காட்டுச்சு, எல்லாத்தையும் எழுது. இதுதான் கன்டினியூட்டி. ஞாபகம் இருக்கும்னு நம்பாதே, இருக்காது.

4. செட்டுல செல்ஃபி எடுத்துப் போடாதே. டெலிகாஸ்ட் ஆகாத கதை வெளியே போனா அன்னைக்கே உன்னை அனுப்பிடுவாங்க.

5. தீபாவளி நெருங்குனா சேனல்காரங்க பட்டாசு ஆலையைப் படம் எடுக்க வருவாங்க. ஊர்ப் பிள்ளைன்னு உன்னைத்தான் முன்னாடி விடுவாங்க. மத்த இடத்துல வாயை மூடிக்கிட்டு இரு. இங்கே மட்டும் தைரியமா பேசு. போர்மேன் அனுமதி இல்லாம ஒரு அடி உள்ளே வைக்க விடாதே. வெடிமருந்து அறைக்குப் பக்கத்துல செல்போன், லைட், பேட்டரி எதுவும் போகக் கூடாது. பாலியெஸ்டர் துணியில உரசல் மின்சாரம் வரும், அதனால எல்லாரையும் காட்டன் போட்டு வரச் சொல்லு. ஒரு அறைக்குள்ள இத்தனை பேர்தான்னு கணக்கு இருக்கு. யூனிட்டே கூட்டமா நுழையக் கூடாது. "ஒரே ஒரு வெடி கொளுத்திக் காட்டுங்க"ன்னு யாராவது கேட்டா உடனே தடு. காகிதக் குழாய் உருட்டுறது, லேபிள் ஒட்டுறது, பிரஸ்ல அச்சடிக்கிறது, இதுலயே அழகான ஷாட் கிடைக்கும். வேலை செய்யுற அக்காமார்கிட்ட, "முகம் தெரியலாமா?"ன்னு முதல்ல கேளு.

6. விபத்துச் செய்திக்குக் கூட்டிட்டுப் போனா, அழுதுட்டு இருக்குற தாய் முன்னாடி மைக்கை நீட்டாதே. ஆம்புலன்ஸ் வழியில கேமரா ஸ்டாண்டு வைக்க விடாதே. இறந்தவங்க பேரை வீட்டுக்காரங்களுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி வெளியே சொல்லாதே. எந்த ரிப்போர்ட்டர் அவசரப்படுத்தினாலும் சரி, இதுல நீ அசையாதே.

7. கிளம்புற அன்னைக்கு சர்டிபிகேட் வாங்கும்போது, என்னென்ன வேலை செஞ்சன்னு அதுல எழுதித் தரச் சொல்லு. வெறும் "பயிற்சி முடித்தார்"னு இருந்தா அடுத்த இடத்துல அதை மதிக்க மாட்டாங்க.