பூனை வாய்ப்பட்ட பறவை

பூனையிடமிருந்து மீட்ட மைனாவை, "காயமே இல்லை, சார்" என்று பறக்கவிடும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. இரக்கம் நல்லதுதான். ஆயினும் அப்பறவை பிழைப்பது அரிது. பூனையின் பல் ஊசி போன்றது. அது இட்ட துளையை இறகு மறைத்துவிடும். எச்சிலிலுள்ள பாஸ்டுரெல்லா என்னும் கிருமி இரத்தத்தில் கலந்தால் இரண்டொரு நாளில் உயிர் போகலாம். மஞ்சள் பற்று இதற்குப் போதாது. விலங்கு மருத்துவர் தரும் கிருமிக்கொல்லி மருந்தே வேண்டும்.

அதுவரை, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பள்ளியில் மாணவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: வாயில் தண்ணீரோ பாலோ புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சிங்கப்பூரில் ஏக்கர்ஸ் அமைப்பின் மீட்புக் குழுவை அழைக்கலாம்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டாம். தாய்ப்பறவை அருகிலிருந்தே இரை ஊட்டும். அந்தச் சில நாட்கள் பூனையை வீட்டுக்குள் அடைத்து வையுங்கள்.