ஒரு பல் குறைத்தால் ஐயாயிரம் அபராதமா?

கேள்வி: கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கம் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு மூன்று முறை காரவள்ளி வழியாக நாமக்கல் போய் வருவேன். பெரும்பாலும் மனைவியும் கூட வருவார். போன வருடம் வாங்கிய பைக் கொண்டை ஊசி வளைவுகளில் இழுக்கத் திணறியதால், தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி முன்பக்க ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லிலிருந்து 13 ஆக்கிக்கொண்டேன். மலையேற்றம் இப்போது சுலபமாக இருக்கிறது. பின்பக்கம் 42-க்குப் பதில் 46 பல் போட்டால் இன்னும் நன்றாக இழுக்கும் என்கிறார் அவர். இதற்கிடையில் டிஜிட்டல் மீட்டர் மழையில் நனைந்து எழுத்தே தெரியாமல் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில், 'ஸ்ப்ராக்கெட் மாற்றியதால் மொத்த வாரண்டியும் போச்சு' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போலீஸ் பிடித்தால் ஐயாயிரம் அபராதம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கிடைக்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இதில் எது உண்மை?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: முன்பக்கம் ஒரு பல் குறைத்ததற்காக மட்டும் உங்கள் மேல் வழக்குப் போட்டால், எதிர்த்து வாதாட நியாயமான காரணம் உங்களிடம் இருக்கிறது. 46 பல் யோசனையை விட்டுவிடுங்கள். மீட்டர் விஷயத்தில் சர்வீஸ் சென்டர் சொன்னதை நீங்கள் ஏற்க வேண்டியதே இல்லை. இன்சூரன்ஸில் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை.

முதலில் அந்த ஐயாயிரம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் 4-ஆம் உட்பிரிவின்படி, சட்டமும் விதிகளும் அனுமதிக்காத விதத்தில் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்கள் நண்பர்கள் சொன்ன தொகை இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் 'அனுமதிக்காத விதத்தில்' என்ற சொற்களை யாரும் கவனிப்பதில்லை. எது அனுமதி இல்லாதது என்று தெரிந்துகொள்ள 52-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும்.

பதிவுச் சான்றில், அதாவது நாம் ஆர்.சி. புத்தகம் என்று சொல்வதில், உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. அதன் கீழேயே ஒரு விளக்கமும் இருக்கிறது: 'மாற்றம்' என்றால் வாகனத்தின் கட்டமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படைத் தன்மையையே வேறாக்கிவிடும் மாற்றம். உங்கள் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், சிசி, எரிபொருள், இருக்கைகள், நிறம், எடை, வீல்பேஸ் எல்லாம் இருக்கும். ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை இருக்காது. 13 பல் போட்டதால் அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூடப் பொய்யாகவில்லை. சேசிஸை வெட்டவில்லை, எஞ்சினை மாற்றவில்லை. தேய்ந்தால் கழற்றி வேறு போடுகிற ஒரு பாகத்தில் பல் ஒன்று குறைந்திருக்கிறது. இதை அடிப்படைத் தன்மை மாறிய வாகனம் என்று சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு வராது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஜெயச்சந்திரா என்பவருக்கு எதிராகத் தொடுத்த மேல்முறையீட்டில் தீர்ப்பு சொன்னது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது, மாநில விதி எதுவும் 52-ஆம் பிரிவை மீற முடியாது என்பது அதன் சாரம். அன்றிலிருந்து 'எந்த மாடிஃபிகேஷனும் கூடாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது' என்ற பேச்சு பரவிவிட்டது. தீர்ப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்களை உரிய முறையில் மாற்றிப் பதிந்துகொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனாலும் 'மூல விவரக்குறிப்பு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அரசு வழக்கறிஞர் ஒருவர் வாதாட இடம் உண்டு. ஒவ்வொரு மாடலும் விற்பனைக்கு வருமுன் மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதனையைத் தாண்ட வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அந்த மையங்கள். புகையும் சத்தமும் அங்கே அளக்கப்படுவது கம்பெனி கொடுத்த கியர் விகிதத்தில்தான். விகிதத்தை மாற்றினால் அதே வேகத்துக்கு எஞ்சின் வேறு சுற்றில் ஓடும். அதனால்தான் கவலையே வேண்டாம் என்று உங்களுக்கு நான் எழுதவில்லை.

எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பின்பக்கப் பல்லை முன்பக்கப் பல்லால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 42-ஐ 14-ஆல் வகுத்தால் சரியாக 3. இப்போது நீங்கள் ஓட்டும் 13-க்கு 42 என்பது 3.23, ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடுதல். மெக்கானிக் சொல்லும் 13-க்கு 46 என்பது 3.54, பதினெட்டு சதவீதம் கூடுதல். முன்பு டாப் கியரில் 6,000 சுற்றில் கிடைத்த வேகத்துக்கு இப்போது 6,460 சுற்று தேவை. 46 போட்டால் கிட்டத்தட்ட 7,080. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கு எட்டு சதவீதம் உதவிதான். பதினெட்டு சதவீதம் போனால் கீழே சேந்தமங்கலம் சாலையில் சாதாரண வேகத்தில் போகும்போதே எஞ்சின் கத்தும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். எட்டு சதவீதத்தைச் சிறு மாற்றம் என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். பதினெட்டைச் சிறு மாற்றம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

46-ஐ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் உங்கள் மனைவி. பின் ஸ்ப்ராக்கெட் நான்கு பல் பெரிதானால் செயின் மேலே ஏறி கவரில் உரசும். கடையில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். கவரை வெட்டுவார்கள், இல்லை கழற்றி மூலையில் போடுவார்கள். அதோடு சாரி கார்டும் போகும். மத்திய மோட்டார் வாகன விதி 123-ஐப் பாருங்கள். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் இருக்க வேண்டும். அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்ப்ராக்கெட் பற்றிச் சட்டம் பேசாமல் இருக்கலாம். இதைப் பற்றி நேராகவே பேசுகிறது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ செயினில் மாட்டினால் இழுத்துத் தள்ள ஒரு நொடி போதும். அப்படி ஒன்று நடந்து, காப்பைக் கழற்றியது நீங்கள்தான் என்று தெரிந்தால், இழப்பீட்டு வழக்கில் உங்கள் அலட்சியத்தை யாரும் தேடி நிரூபிக்க வேண்டியிருக்காது. கடையில் ஏற்கெனவே எதையாவது கழற்றியிருந்தால் இந்த வாரமே திரும்ப மாட்டுங்கள்.

மீட்டர் தொடர்பாக ஒரு சோதனை செய்ய வேண்டும். புது மீட்டர் வந்ததும் செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் பின் சக்கரத்தை மட்டும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். மீட்டரில் வேகம் காட்டாவிட்டால் சென்சார் முன் சக்கரத்தில் இருக்கிறது. ஸ்ப்ராக்கெட் மாற்றம் அதைப் பாதிக்காது. காட்டினால், சென்சார் கியர்பாக்ஸ் பக்கமா பின் சக்கரத்திலா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பின் சக்கரத்தில் என்றால் அப்போதும் கவலையில்லை. கியர்பாக்ஸ் பக்கம் என்றால், நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மீட்டர் 64, 65 என்று காட்டும். வேகத்தைக் கூட்டிக் காட்டுவதால் ஆபத்து இல்லை. ஆனால் ஓடிய தூரமும் சேர்ந்து கூடுகிறது. உண்மையில் 10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது மீட்டரில் 10,770 இருக்கும். வாரண்டி கிலோமீட்டர் கணக்கில் முடிவதாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. மைலேஜுக்காக முன்பக்கம் பல்லைக் கூட்டுகிறவர்களுக்கு இது தலைகீழ். மீட்டர் குறைத்துக் காட்டும். கேமராவில் மாட்டிக்கொண்டு 'என் மீட்டரில் சரியாகத்தானே இருந்தது' என்று சொன்னால் எடுபடாது. வண்டியை விற்கும்போதும், குறைவாக ஓடியதாகக் காட்டி ஏமாற்றினார் என்ற பேச்சு வரும்.

சாலையில் நிறுத்தினால் என்ன செய்வது? சலான் போட்டால், எந்தப் பிரிவில், எந்த மாற்றத்துக்காக என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொகையைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசமாக முடித்துக்கொண்டதாக ஆகும். மறுக்க நினைத்தால் கட்டிவிடாமல் எதிர்க்கலாம். ஸ்ப்ராக்கெட் மாற்றத்துக்காக மட்டும் வண்டியைப் பிடித்து வைக்க 207-ஆம் பிரிவு இடம் தரவில்லை. உரிமம் இல்லாமல், பதிவு இல்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது போன்றவற்றுக்குத்தான் அந்த அதிகாரம். சத்தம் போடும் சைலன்சரை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். சத்தம், புகை, சாலைப் பாதுகாப்புத் தர மீறலுக்கு 190-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு தனியாக இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸுக்கும் மூன்று மாதத் தடை.

இப்போது வாரண்டி. மாற்றம் செய்தால் வாரண்டி கிடையாது என்று உங்கள் கையேட்டில் நிச்சயம் அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே படித்தாலும், செயின், ஸ்ப்ராக்கெட், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் கோளாறு வந்தால் கம்பெனி மறுப்பதில் ஓரளவு நியாயம் இருக்கும். மழைநீர் உள்ளே போன மீட்டருக்கும் செயினுக்கும் என்ன தொடர்பு? பல் ஒன்று குறைந்ததால் மீட்டரின் சீல் தண்ணீரை உள்ளே விட்டது என்று அவர்கள் காட்ட வேண்டும், காட்ட முடியாது. இந்த மாதிரி ஒட்டுமொத்த மறுப்பைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. கவுண்டரில் வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வந்தவரும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு கைக்காசு போட்டு மீட்டர் வாங்குகிறார். நீங்கள் வாங்காதீர்கள்.

மறுபடி போய் ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். அதில் 'மீட்டருக்குள் ஈரம், திரை தெரியவில்லை' என்று உங்கள் புகாரை எழுதவையுங்கள். மறுப்பதாக இருந்தால், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் அன்றைக்கே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஸ்ப்ராக்கெட் மாற்றியதை மனுவில் மறைக்காதீர்கள். முதல் பத்தியிலேயே எழுதிவிட்டு, இதற்கும் மீட்டருக்கும் தொடர்பில்லை என்று அடுத்த பத்தியில் சொல்லுங்கள்.

52-ஆம் பிரிவிலேயே, மாற்றியமைத்தாலும் தயாரிப்பாளரின் வாரண்டி செல்லாமல் போகாது என்று 2019 திருத்தம் சொல்கிறது என யாராவது உங்களுக்கு எடுத்துக் காட்டலாம். வாசகம் உண்மைதான். ஆனால் மத்திய அரசு விதி வகுத்து அனுமதிக்கும் மாற்றங்களுக்கு மட்டுமே அந்தக் காப்பு. மெக்கானிக் கடையில் போட்ட 13 பல்லுக்கு அதை நம்பி வழக்குப் போட வேண்டாம். தொடர்பில்லாத கோளாறு என்ற வாதமே உங்களுக்குப் போதும்.

கடைசியாக இன்சூரன்ஸ். உங்கள் வண்டியால் இன்னொருவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால், 150-ஆம் பிரிவில் சொன்ன சில காரணங்களைக் காட்டித்தான் கம்பெனி தப்பிக்க முடியும். செல்லுபடியாகும் உரிமம் இல்லாதது, பந்தயம், வாடகைக்கு ஓட்டியது, முக்கியத் தகவலை மறைத்துப் பாலிசி எடுத்தது போன்றவை அவை. ஸ்ப்ராக்கெட் அந்தப் பட்டியலில் இல்லை. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்கும்.

உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான கிளைமில்தான் இழுபறி வரும். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கிறது. புதுப்பிக்கும்போது மாற்றங்கள் ஏதேனும் உண்டா என்று படிவத்தில் கேட்டால், உண்டு என்று எழுதுங்கள். நின்றுகொண்டிருந்த வண்டி மேல் லாரி மோதியதற்கு ஸ்ப்ராக்கெட்டைக் காரணம் காட்டி மறுத்தால் எதிர்த்துப் போராடலாம். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் கிளைமை முழுவதுமாக நிராகரிக்காமல், குறைத்தாவது கொடுக்க வேண்டும் என்று 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி திருடு போன வழக்கில் விதிமீறலுக்கு முக்கியத்துவம் கிடையாது என்று 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. செயின் அறுந்து நீங்களே விழுந்த விபத்து என்றால் நிலைமை வேறு. அங்கே கேள்வியெல்லாம் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றியே வரும். அதனால் போட்டது நல்ல தயாரிப்புதானா, செயினின் அளவுக்குப் பொருந்துகிறதா, மாற்றியபின் செயின் தளர்வைச் சரிபார்த்தார்களா என்பதற்கு பில்லும் மெக்கானிக்கின் ரசீதும் கையில் இருக்கட்டும். கழற்றிய 14 பல் ஸ்ப்ராக்கெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

விபத்துக்குப் பிறகு சர்வேயர் வருவதற்குள் பழைய ஸ்ப்ராக்கெட்டை மாட்டிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். புதிதாகக் கழற்றிய நட்டின் தடயம் சர்வேயர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு பல் குறைத்ததற்காக கிளைமை மறுப்பது கம்பெனிக்குக் கடினம்; தடயத்தை மாற்றினார் என்ற காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மறுப்பது சுலபம்.