வெல்டருக்கு வெள்ளெழுத்து வந்தால்

துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, 51 வயது வெல்டர் ஒருவர் ஓட்டிய ஃபில்லெட் ரன் ஒன்றை இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பினார். தொடக்கம் ஜாயின்ட்டில் சரியாக உட்கார்ந்திருந்தது. ஒரு சாண் தள்ளி மெல்ல மேல்தகட்டில் ஏறி, முடிவில் கோட்டை விட்டு 3 மில்லிமீட்டர் விலகியிருந்தது. 25 வருடமாகத் தடம் மாறாத கை அது. அந்த வெல்டர் அண்ணன் முதலில் ராடில் ஈரம் என்றார். ஓவனிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுத்தோம். பிறகு மிஷினில் கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார். அப்புறம் கருப்புக் கண்ணாடியில் குறை கண்டு, 11-ம் நம்பரைக் கழற்றிவிட்டு 10 மாட்டினார். மறுநாள் 9. ரன் அப்படியேதான் விலகியது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் போனை எடுத்தார். கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மகள் அனுப்பிய செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பட்டறையில் கண்ணைப் பற்றி நடக்கும் பேச்செல்லாம் ஆர்க் அடித்ததைப் பற்றித்தான் இருக்கும். வயதாகிற கண்ணைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் வருகிற வார்த்தைகள் பெரும்பாலும் கீழே இருப்பவைதான்.

“வெல்டிங் பார்த்துப் பார்த்தே கண்ணு போச்சு.”

வெள்ளெழுத்து என்றாலும் சாளேசுரம் என்றாலும் அது தையல்காரருக்கும் வரும், தமிழாசிரியருக்கும் வரும், ஆர்க் பக்கமே எட்டிப் பார்க்காத தாசில்தாருக்கும் வரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் இளகலாக இருக்கிறது. பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது அது உப்பிக் கொடுக்கும். வருடம் ஏற ஏற இறுகி, உப்ப மறுக்கும். 20 வயதில் முகத்துக்கு 10 சென்டிமீட்டரில் பிடித்த எழுத்தும் தெளிவாகத் தெரியும். 40-ல் அந்தத் தூரம் ஏறத்தாழ ஒரு சாண். 50-ல் ஒரு முழத்தை நெருங்கிவிடும். வெல்டர் தலை குனிந்து ஜாயின்ட்டைப் பார்க்கிற தூரமும் கிட்டத்தட்ட அதே ஒரு முழம்தான். அதனால்தான் 50 வாக்கில் நம் தொழிலில் இது குத்துகிறது.

ஆர்க் செய்கிற கெடுதல் வேறு. புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டு, ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போலக் கரகரக்க வைக்கும். ஒன்றிரண்டு நாளில் ஆறும். வருடக்கணக்கில் பட்டால் கண்புரைக்கும் அதற்குப் பங்கு உண்டு. புரை இருந்தால் எந்தக் கண்ணாடியும் முழுசாக உதவாது, ஆஸ்பத்திரிதான். ஆகவே 45 தாண்டியவர் தெருவோரத்தில் கண்ணாடி வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை முறையாகக் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

“தெரியலைன்னா கண்ணாடி நம்பரைக் குறை.”

எங்கள் அண்ணன் செய்தது இதைத்தான். பட்டறையில் எல்லாரும் செய்வதும் இதுதான். வெளிச்சம் போதாததும் உருவம் தெளியாததும் இரண்டு வெவ்வேறு கோளாறு என்பது ஹெல்மெட்டுக்குள் இருக்கும்போது புரியாது. உள்ளே எல்லாமே ஒரே மங்கல்.

முதலில் நம்பர் கணக்கு. 10-ம் நம்பர் கருப்புக் கண்ணாடி, வருகிற வெளிச்சத்தில் சுமார் 7,200-ல் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். 11 என்றால் 19,300-ல் ஒரு பங்கு. ஒரு நம்பர் இறங்கினால் வெளிச்சம் ஏறத்தாழ 2.7 மடங்காகிறது, இரண்டு நம்பர் இறங்கினால் 7 மடங்கு. சும்மா ஒன்று கூட்டிக் குறைக்கிற விஷயமாக இது தெரிந்தாலும் உள்ளே நடப்பது பெரிய தாவல். (ராடு நம்பர் கதை தலைகீழ். 8-ம் நம்பர் ராடு 4 மில்லிமீட்டர், 12-ம் நம்பர் 2.5 மில்லிமீட்டர். ராடில் நம்பர் ஏறினால் கம்பி மெலியும், கண்ணாடியில் ஏறினால் இருட்டு கூடும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிய பையன் மாற்றி வாங்கிவந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.)

இனி கண் கணக்கு. இருட்டில் கண்பாப்பா விரியும். பாப்பா விரிந்தால், ஃபோகஸில் இருக்கிற குறை முழுசாக வெளியே தெரியும். வெயிலில் பாப்பா ஊசித்துளையாகச் சுருங்கும்போது அதே குறை பாதி மறைந்துவிடும். “வெளியில நல்லாத்தானே தெரியுது, ஹெல்மெட்டைக் கவுத்தாத்தான் மங்குது” என்று அண்ணன் சொன்னதற்குக் காரணம் இதுதான். வெள்ளெழுத்து வெல்டருக்கு முதலில் தலைகாட்டுகிற இடமே கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால்தான். நம்பரைக் குறைத்ததும் பாப்பா கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். ஆள் ஏமாறுவது அங்கேதான். இன்னும் ஒரு நம்பர் குறைப்பார். இப்போது ஆர்க் கண்ணைப் பறிக்கும். அதைச் சுற்றியிருக்கிற ஜாயின்ட் அதே மங்கலில் கிடக்கும்.

குறைக்கவே கூடாது என்று சொல்லவரவில்லை. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணில் சேருவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண் மருத்துவத்தில் பழைய கணக்கு. பாப்பா சின்னதாகிவிடுகிறது, லென்ஸும் மஞ்சளாகிவிடுகிறது. பையனுக்குப் பொருந்துகிற 11, அப்பாவுக்கு 10 ஆகலாம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் 60 முதல் 160 ஆம்பியர் வரையிலான ராடு வெல்டிங்குக்குக் கண்ணாடி 8-க்குக் கீழே போகக் கூடாது; 160-லிருந்து 250 வரை 10. அந்த வரம்புக்குள், முதலில் ஒன்றும் தெரியாத இருட்டில் தொடங்கி, உருகிய குழம்பின் விளிம்பு தெரிகிற வரை ஒவ்வொன்றாக இறங்குவதுதான் முறை.

“நம்பர் கூடக்கூடக் கண்ணுக்குப் பாதுகாப்பு.”

மேலே சொன்னதற்கு நேர் எதிரான கட்சி. தரமான கண்ணாடி 9 ஆனாலும் 12 ஆனாலும் புறஊதாக் கதிரை விடாது. ஆட்டோ டார்க் ஹெல்மெட் கறுப்பதற்கு முன்பே, தெளிவாக இருக்கும்போதே, அதைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தேவைக்கு மேல் இருட்டை மாட்டிக்கொண்ட வயதான வெல்டர் மூஞ்சியைப் புகைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார். கண்ணைக் காப்பாற்றப் போய் நுரையீரலுக்குப் புகையைக் கொடுப்பார்.

“அதான் பேப்பர் படிக்கிற கண்ணாடி இருக்கே.”

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் தொல்லை. படிக்கிற கண்ணாடி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குச் செய்தது. 100-ஐக் கண்ணாடியின் பவரால் வகுத்தால், கண் சும்மா இருக்கும்போது எத்தனை சென்டிமீட்டரில் தெளியும் என்று வரும். 2.50 பவருக்கு 40 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் மங்கும். 60 வயதுக்காரர் அந்தக் கண்ணாடியோடு 55 சென்டிமீட்டரில் இருக்கும் ஜாயின்ட்டைப் பார்த்தால், போடாததற்கு அது தேவலை, அவ்வளவுதான். அவரும் தன்னையறியாமல் தலையை முன்னால் நீட்டுவார்.

பைஃபோகல் இன்னும் மோசம். பக்கத்தைக் காட்டுகிற பகுதி அதில் கீழே இருக்கிறது. மடியில் வைத்த புத்தகத்துக்கு அது சரி. வெல்டர் ஹெல்மெட்டின் ஜன்னல் வழியே நேராகப் பார்க்கிறார். ஓவர்ஹெட் வந்தால் அண்ணாந்து பார்க்கிறார். அண்ணாந்தால் கண்ணுக்கு நேரே வருவது தூரப் பார்வைக்கான மேல்பகுதி. அதைச் சமாளிக்க முகவாயைத் தூக்குவார், கழுத்து பிடித்துக்கொள்ளும், ஹெல்மெட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி விழும். ப்ரோக்ரசிவ் கண்ணாடியிலும் பக்கத்துக்கான இடம் கீழே ஒரு குறுகலான சந்துதான்.

வேலை தூரத்துக்கென்று தனியாக, முழுக் கண்ணாடியும் ஒரே பவரில் செய்துகொள்வதுதான் இதற்கு வழி. அண்ணனை வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்காரவைத்து, ஜாயின்ட்டுக்கு மேல் ராடைப் பிடிக்கச் சொல்லி, கண்ணோரத்திலிருந்து ராடு நுனி வரை ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். 46 சென்டிமீட்டர். அந்த நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். கண் பரிசோதிக்கிறவர் நூலைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். ஆனால் எழுத்து அட்டையை அந்த முடிச்சுக்கு நேராகப் பிடித்துத்தான் சோதித்தாராம். 46-க்கு நேர்க்கணக்குப் போட்டால் 2.17 வரும், கண்ணில் மிச்சமிருக்கும் இளக்கத்துக்குக் கழித்துக்கொண்டு 1.50 கொடுத்தார். வலது கண்ணில் கொஞ்சம் சிலிண்டர் பவர் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

“ஹெல்மெட்டுக்குள்ள பூதக்கண்ணாடி மாட்டினா வேலை முடிஞ்சுது.”

கருப்புக் கண்ணாடிக்கு உள்பக்கம் செருகுகிற செவ்வகப் பெருக்கு லென்ஸ் கடைகளில் கிடைக்கிறது. நாலேகால் அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், 0.25 படியாகப் பவர். கெட்ட சாமான் என்று சொல்லமாட்டேன். வியர்வையில் மூக்கைவிட்டு இறங்கும் கண்ணாடியோடு மல்லுக்கட்ட வேண்டாம், பனிபடர்ந்தால் துடைப்பதும் சுலபம். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்து, சிலிண்டர் பவரும் இல்லாதவருக்கு நன்றாகவே உதவும்.

ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரே மையம்தான் அதற்கு. ஓரத்தில் கோடு வளையும். கண்ணைவிட்டு எட்ட இருப்பதால் கொஞ்சம் பெரிதாகவும் காட்டும். முதல் இரண்டு நாள் ராடு நுனி நினைத்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ போய் ஒட்டும். கழிவுத் தகட்டில் பழகிக்கொண்டு வேலைக்கு வருவது உத்தமம். பவரை அதிகமாக வாங்கினால் எல்லாம் பெரிதாகத் தெரியும், அந்தக் கிட்டத்தில் மட்டும். ஏற்கெனவே கண்ணாடி போட்டிருப்பவர் இதையும் செருகினால் இரண்டு பவரும் சேர்ந்துகொள்ளும் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

“கண்ணாடி போட ஆரம்பிச்சா பவர் ஏறிக்கிட்டே போகும்.”

போடாவிட்டாலும் ஏறும். 60 வாக்கில் நிற்கும்.

“கான்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டிங் அடிச்சா கருவிழியோட ஒட்டிக்கும்.”

இந்தக் கதைக்கு ஊர் உண்டு. 1967-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் லென்ஸ் அணிந்த தொழிலாளி ஒருவரின் கண் காயம்பட்டது. ஆர்க் வெளிச்சம் லென்ஸை உருக்கி ஒட்டிவிட்டது, கழற்றும்போது கருவிழியே பிய்ந்து வந்துவிட்டது என்று செய்தி பரவியது. உண்மையில் அவர் லென்ஸை மணிக்கணக்கில் கழற்றாமல் விட்டதால் வந்த சிராய்ப்பு அது. ஆர்க்கின் ஒளியில் லென்ஸை உருக்கும் சூடு கண்ணுக்கு வந்தால் அதற்கு முன்னால் முகம் வெந்திருக்கும். தூசியும் அனலும் லென்ஸ் போட்டவருக்கு உறுத்தலைத் தரும் என்பது மட்டும் நிஜம்.

“வயசான கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது, லைட்டை அணை.”

எந்தப் பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் என்று கேட்க வேண்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து ஹெல்மெட்டுக்குள் நுழைந்து, உள்கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் தொல்லைதான். ஜாயின்ட்டின் மேல் உங்கள் சட்டைக் காலரே மிதக்கும். கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்காராமல் இருக்கலாம், அல்லது தலைக்குப் பின்னால் ஒரு தோல்துண்டையோ கெட்டித் துணியையோ தொங்கவிடலாம். ஜாயின்ட்டின் மேல் நேராக அடிக்கிற விளக்கு எவ்வளவு பலமாக இருந்தாலும் நல்லது. ஆர்க் பிடிக்கும் முன்னால் இடம் பிடிக்கவும், ஓடும்போது முன்னால் இருக்கிற கோட்டைப் பார்க்கவும் அது கை கொடுக்கும். சாக்குக்கட்டிக் கோடும் இழுத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்னால், வெளிப்பக்க வெள்ளைக் கண்ணாடியைப் பாருங்கள். பொறி பட்டுப் பட்டு அம்மைத் தழும்பாகிப் போன கண்ணாடி வழியே 20 வயதுக்காரனுக்கும் ஒன்றும் தெரியாது. அண்ணனுடைய ஹெல்மெட்டிலும் அப்படி ஒன்றுதான் இருந்தது. வெல்டிங் சாமான்களிலேயே மலிவானது அது. ஸ்டோரில் கேட்டு வாங்க அவருக்குக் கூச்சம்.

“கை பழகிடுச்சு. இனி கண் எதுக்கு?”

ஆர்க் நீளம் ராடின் தடிமன் அளவுதான், மூன்று நான்கு மில்லிமீட்டர். தெளிவு குறைந்ததும் வெல்டர் தலையைப் பின்னால் இழுப்பார், முழங்கை ஊன்றுகோலை விட்டு எழும்பும், ஆர்க் நீளும். நீண்டால் ஸ்பேட்டர் தெறிக்கும், ஓரத்தில் அண்டர்கட் விழும். கைக்கு இதெல்லாம் தெரியாது. கண் சொன்னதைத்தான் கை செய்கிறது.

வெல்டைச் சோதிக்கிற என்டிடி ஆட்களுக்கு ஐஎஸ்ஓ 9712 விதிப்படி வருடாவருடம் கிட்டத்துப் பார்வைச் சோதனை உண்டு. 30 சென்டிமீட்டரில் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினால்தான் சர்டிஃபிகேட் நிற்கும். பாய்லர் வேலைக்கு நாம் எடுத்துக்கொள்கிற ஏஎஸ்எம்இ விதித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதியில் வெல்டர் தகுதித் தேர்வு எழுதுவது தகடும் குழாயும்தான். வளைத்துப் பார்ப்பார்கள், படம் பிடித்துப் பார்ப்பார்கள், போட்டவருடைய கண்ணைப் பார்க்க அதில் இடமில்லை. தப்பைத் தேடுகிறவருக்குக் கண் வேண்டும், தப்பில்லாமல் போடுகிறவருக்கு வேண்டாம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத நியாயம்.

அதனால் எங்கள் பட்டறையில், ராடு கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து அட்டையை ஒட்டி, தரையில் ஒரு முழ தூரத்தில் வெள்ளைக் கோடு போட்டோம். முதல் வாரம் கோட்டில் நின்று கடைசி வரி வரை கணீரென்று படித்துக் காட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் 30 வயதுப் பையன்கள். 45 தாண்டியவர்கள் ராடை எண்ணி வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பாமலே போனார்கள்.