வேடந்தாங்கல் ஏரிக்கரை

மார்கழிக் காலையில் ஊரினின்று புறப்பட்டு வேடந்தாங்கல் ஏரிக்கரைமீது நடப்போர் முதலில் கேட்பது பறவைகளின் பேரொலியே. நீரிடையே நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் நெருங்கிக் கூடு கட்டியிருக்கும். வேடர் பெயர் தாங்கிய ஊர் பறவைகளுக்குப் புகலிடமானது வியப்பன்றோ!

கரையினின்று இறங்கி வயல்வழியே ஊர் திரும்பினால் காரணம் விளங்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீரே அங்குள்ள நெற்பயிருக்கு உரம். உழவர் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். ஆங்கிலப் படைவீரர் சிலர் இங்கு நாரைகளைச் சுட்டபொழுது, ஊரார் வாளாவிருக்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே பெற்றனர். 1858ஆம் ஆண்டில் அவ்வுரிமையைப் புதுப்பித்தும் கொண்டனர்.